ஓட்டத்தில் முன் அனுபவம்

1891 ஆகஸ்டு 3, திங்கள்

இன்று என்னைக் கேட்காமலே என்னை அத்லெடிக் சங்கத்துக்குச் செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். ஓடத் தெரியும் என்பதற்காக அல்ல. மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். வகுப்பில் எல்லாருக்கும் மூத்தவன் நான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அவ்வளவுதான். பி.ஏ.வுக்கு முந்தின எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவைக்கு உட்கார்ந்திருப்பவனுக்கு மூப்பைத் தவிர வேறென்ன தகுதி சேரும்.

ஜனவரியில் சீமையிலிருந்து வந்த எங்கள் புதுப் பிரின்சிபால் ஹார்ன்பி துரைக்கு ஓட்டப் பைத்தியம். பாடத்தை நெட்டுருப் போட்டே இந்த ஜில்லாப் பிள்ளைகளின் மார்பு ஒட்டிப்போய்விட்டது, வாரம் இரண்டு மாலை எல்லாரும் மைதானத்துக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு. வராதவர் பெயரை நான் குறித்துக் கொடுக்க வேண்டும். ஆக, இனி என்னைக் கண்டால் யாரும் நல்ல வார்த்தை பேசப் போவதில்லை.

மாமனார் கடிதம் வந்திருக்கிறது. உலகம்மாளுக்கு ஐந்தாம் மாதம். சுகமாக இருக்கிறாளாம். "இந்த வருஷமாவது" என்று தொடங்கும் அவருடைய வாக்கியத்தை நான் முழுதும் வாசிப்பதில்லை.

ஆகஸ்டு 8, சனி

முதல் நாள் பயிற்சி. முப்பத்தேழு பேர் வந்தார்கள், அதில் பதினோரு பேர் குடையுடன். ஓடுவது என்றால் இங்கே யாருக்கும் கௌரவமாகப் படவில்லை. "திருடன் ஓடுவான், தபால்காரன் ஓடுவான், நான் எதுக்கு ஓடணும்?" என்று லாஜிக்கில் கெட்டிக்காரனான வெங்கடாசலம் கேட்டான். அவனையும் ஓடவிட்டார்கள். பாதி மைதானத்தில் குடுமி அவிழ்ந்து உட்கார்ந்துவிட்டான்.

மைதானத்தை நான்கு சுற்று சுற்றினால் ஒரு மைல். நான்கையும் முடித்தவர்கள் ஆறு பேர். முதலில் வந்தவன் இசக்கிமுத்து. அவனுக்குப் பின்னால், வெகு பின்னால், டானியல் ஞானமுத்து. இசக்கி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான். ஓடி முடித்தபின் மற்றவர்கள் தரையில் விழுந்து கிடக்க, இவன் போய்த் தோட்டக்காரனின் வாளியை வாங்கி எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். துரை கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

ஆகஸ்டு 9, ஞாயிறு

ஆற்றில் துணி துவைத்தேன். இரண்டு வேட்டியில் ஒன்று கிழிந்தது.

இசக்கியும் நானும் எண்ணெய்க்கடை மாடியில் ஒரே அறையில் இருக்கிறோம். சோற்றுக்கடையில் மட்டும் எனக்கு உள் பந்தி, அவனுக்கு வெளிப் பந்தி. இதை நாங்கள் ஏற்படுத்தவில்லை, மாற்றவும் இல்லை. என்னைவிட நான்கு வயது இளையவன். போன வருஷம் வந்தான், வந்த வருஷமே வகுப்பில் முதல் ஐந்துக்குள் இருக்கிறான். அதில் எனக்கு ஒன்றும் பொறாமை கிடையாது.

நேற்று துரை பார்த்து அதிசயித்த ஓட்டத்தின் ரகசியம் இந்தக் காலேஜில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் தகப்பனார் சுடலைமுத்துக் கோனார் சர்க்கார் தபால் ஓட்டக்காரர். பையைச் சலங்கை கட்டிய கம்பில் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டு, ரயிலடியிலிருந்து மலையடிவாரம் போகிற வழியில் தம் பங்குக்கு ஆறு மைல் ஓடுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கால் சாய்ந்த மரம் ஒன்றின் அடியில் மாட்டி ஒடிந்தது. பதில் ஆள் கொடுக்காவிட்டால் வேலை வேறு ஒருவனுக்குப் போய்விடும். தபால் ஓவர்சீயர் சம்மதித்ததன் பேரில், மற்ற மாதங்களில் உறவுக்காரர் ஒருவர் ஓட, இசக்கி இரண்டு கோடை விடுமுறையும் பையைத் தூக்கி ஓடினான். போக ஆறு, வர ஆறு.

"மூச்சு எப்படிலே வாங்கலே உனக்கு?" என்று கேட்டேன்.

"மைலுக்கு ஓடுனா வாங்கும் அண்ணாச்சி. சலங்கைச் சத்தத்துக்கு ஓடுனா வாங்காது. சத்தம் மாறாமப் பாத்துக்கிடணும், அம்புட்டுதான்."

மைதானத்தில் சலங்கை ஏது என்றேன். மனசுக்குள்ளே அடிச்சிக்கிடுவேன் என்றான்.

ஆகஸ்டு 14, வெள்ளி

பெரிய செய்தி. செப்டம்பர் கடைசியில் பட்டணத்தில் ராஜதானிக் காலேஜ்களுக்கெல்லாம் ஓட்டப் பந்தயம். மைல் ஓட்டத்துக்கு எங்கள் காலேஜிலிருந்து ஒருவன் போகலாம். ஜெயித்தவனைப் படிப்புச் சம்பளம் வாங்காமல் பி.ஏ. வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகத் துரையின் நண்பர் ஒருவர், அங்கே ஒரு காலேஜில் பெரிய புரொபசர், எழுதியிருக்கிறாராம். துரை இசக்கியை அழைத்துச் சொல்லிவிட்டார்.

இசக்கி அறைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எஃப்.ஏ.க்கு மேல் படிக்க வைக்க அவன் வீட்டில் வழியில்லை. பரீட்சை முடிந்ததும் தகப்பனாரின் கம்பை வாங்கிக்கொள்வது என்று முன்பே பேசி வைத்ததுதான். இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. மைல் ஓட்டத்தில் அவனை ஜெயிக்க இந்த ராஜதானியில் ஆள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"ஜெயிச்சிருவேனா அண்ணாச்சி?"

"ஜெயிக்காம? படு."

ஆகஸ்டு 19, புதன்

பட்டணத்திலிருந்து பந்தய விதிகள் வந்தன. ஒன்பது பிரதி எடுக்கச் சொன்னார் துரை. எடுத்தேன். கை வலிக்கிறது.

ஆகஸ்டு 21, வெள்ளி

பிஸியாலஜியில் பாதத்து எலும்புகள் இருபத்தாறையும் ஒப்பித்தேன். ஒன்றுகூட விடவில்லை. "இதில் எது உன் பெருவிரலில் இருக்கிறது, தொட்டுக் காட்டு" என்றார் புரொபசர் செல்லையா. வகுப்பு சிரித்தது. எழுதும் பரீட்சையில் தொட்டுக் காட்டச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன இரண்டு வருஷமும் இதே சமாதானம்தான்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டும். உடம்பெல்லாம் ஒரு சோர்வு.

ஆகஸ்டு 24, திங்கள்

இசக்கிக்கான விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினால் போதும் என்றார் துரை. வெறும் பாரத்தை அனுப்பி எந்தக் காரியம் நடந்திருக்கிறது? என் தாய்மாமா தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர். விடுமுறைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதியிருக்கிறேன். முன் அனுபவம் காட்டாத மனுவைத் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தேதார் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதிலும் சர்க்கார் உத்தியோக அனுபவம் என்றால் மனு மேலே போய் உட்காரும்.

ஆகவே பாரத்தோடு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று சேர்த்தேன், நல்ல இங்கிலீஷில். இவன் இன்று நேற்று ஓட வந்தவன் அல்லன், பரம்பரை ஓட்டக்காரன், இவன் தகப்பனார் பத்தொன்பது வருஷம் மகாராணியாரின் தபாலை மழை, வெள்ளம், கரடி எதற்கும் நிற்காமல் சுமந்தவர், இவனும் இரண்டு கோடை சர்க்கார் சம்பளத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் ஓடி, ஒரு நாளும் தாமதமின்றி மேலதிகாரிகளின் திருப்தியைப் பெற்றவன். இப்படிப் போகிறது. என் வாழ்க்கையில் இதைவிட நல்ல கடிதம் எழுதியதில்லை. துரையின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இசக்கியிடம் சொல்லவில்லை. காரியம் பலித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்டு 29, சனி

மழை. பயிற்சி இல்லை. கடவுளுக்கு நன்றி.

செப்டம்பர் 1, செவ்வாய்

துரை கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் என் கடிதம். மெச்சப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"இது உண்மையா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஒவ்வொரு வார்த்தையும், சார்."

அவர் விதிகளின் பிரதி ஒன்றை என் முன்னால் தள்ளினார். நான்காவது விதியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பந்தயத்தில் சேருகிறவன் அமெச்சூராக இருக்க வேண்டும், எக்காலத்திலாவது ஓட்டத்துக்குக் கூலியோ சம்பளமோ பெற்றவன் எவனும் அமெச்சூர் ஆகான், அவனைச் சேர்க்கலாகாது.

"இதைப் பகர்த்திப் பிரதி எடுத்தது யார்?"

"நான்தான், சார்."

"எத்தனை பிரதி?"

"ஒன்பது."

அவர் கோபப்படவில்லை. காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் ஒன்பது தடவை எழுதினேன், ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் புரிந்திருக்குமா என்பது சந்தேகம். சும்மா ஓடுகிறவன் மேலானவன், சம்பளத்துக்கு ஓடுகிறவன் கீழானவன் என்று ஒரு சட்டம் இருக்கும் என எங்கள் பக்கத்தில் யாருக்குத் தோன்றும்? சும்மா ஓடுகிறவனை அல்லவா எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த நாட்டு மனுக்களில் அலங்காரத்துக்காக இல்லாததை எழுதுவது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதுவும் அலங்காரம்தான், அவன் தபால் சுமந்தது பொய் என்று நீ கையெழுத்திட்டுக் கொடுத்தால் நான் நம்புவேன். இந்தக் கடிதம் கிழியும், அவன் ஓடுவான். ஆனால் பொய் எழுதியவன் என்று தெரிந்த பிறகு உன் நடத்தைச் சான்றிதழில் நான் கையெழுத்திட முடியாது. உண்மை என்றால் அவன் ஓட முடியாது. சனிக்கிழமைக்குள் சொல். அதுவரை அவன் பயிற்சிக்கு வர வேண்டாம்."

நடத்தைச் சான்றிதழ் இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. மூன்றாவது தடவையும் இல்லை, நான்காவதும் இல்லை.

செப்டம்பர் 2, புதன்

இசக்கியைப் பயிற்சிக்கு வர வேண்டாம் என்றது காலேஜ் முழுக்கப் பரவிவிட்டது. எவனோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான் என்கிறார்கள். யாருக்கு லாபமோ அவன்தான் போட்டிருப்பான் என்று கணக்குப் போட்டு டானியலைக் கைகாட்டுகிறார்கள். இசக்கிக்கும் அப்படியே பட்டிருக்கிறது.

"ஒண்ணா ஓடுனவன், அண்ணாச்சி. அவன் காலுல முள்ளுக் குத்தினப்ப நான்தான எடுத்துவிட்டேன்" என்றான்.

நான் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலை வலித்ததால் பதில் சொல்லவில்லை. துரையைப் பார்க்க இன்று நேரமில்லை.

செப்டம்பர் 3, வியாழன்

காலையில் சவரம். நாவிதர் வரத் தாமதமாகி முதல் மணி வகுப்பு போயிற்று. மத்தியானம் துரை அறைப்பக்கம் போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. திரும்பிவிட்டேன். மாலையில் யூக்ளிட் மூன்றாம் புத்தகம்.

டானியல் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினான். பாவம், முகம் வெளுத்துப்போயிருந்தது. "செக்ரட்டரி அண்ணாச்சி, ஆண்டவர் சாட்சியா நான் எழுதலே. நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்க. என்கூடப் பேச மாட்டேங்கான்." சொல்லுகிறேன் என்றேன். அறைக்கு வந்தபோது இசக்கி இல்லை. அவன் வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

மாமனாருக்கு நான்கு பக்கத்தில் பதில் எழுதினேன். தபாலில் சேர்க்க நடந்தே போய் வந்தேன். அதிலேயே பொழுது போயிற்று.

எப்படியும் நாளைக்குத்தான் கடைசி நாள்.

மாலையில் மைதானத்துப் புளியமரத்தடியில் இசக்கியும் டானியலும் பேசிக்கொண்டிருந்தார்கள். இசக்கி டானியலிடம் மன்னிப்புக் கேட்டானாம். வெங்கடாசலம் வந்து சொன்னான். எதற்காக என்று நான் விசாரிக்கவில்லை. அறைக்கு வந்தபின் இசக்கி என் கிழிந்த வேட்டியை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 5, சனி

காலையில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று, நான் எழுதியது அலங்காரம், பொய், இசக்கிமுத்து ஒரு நாளும் தபால் சுமந்தவனல்லன் என்பது. அதைச் சட்டையின் வலது பையில் வைத்தேன். இன்னொன்று, திங்கட்கிழமை லீவு கேட்கும் விண்ணப்பம். அது இடது பையில். வலது பைக் கடிதத்தைக் கொடுப்பது என்று தீர்மானித்துத்தான் போனேன். இது சத்தியம்.

துரை என்னை உட்காரச் சொன்னார். "உனக்கு இனிச் சங்கடம் இல்லை. நேற்றுக் காலையில் இசக்கிமுத்துவே வந்தான். தன்மேல் என்ன குற்றம் என்று கேட்டான். நீ எழுதியது உண்மையா என்று கேட்டேன். உண்மை என்றான். பொய் என்று நீ சொன்னால் அவன் ஓடலாம் என்பதையும் சொன்னேன். தகப்பன் கால் ஒடிந்து கிடந்தபோது தூக்கிய பையைத் தூக்கவில்லை என்று சொல்லி ஓட மாட்டேன் என்றான்." துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ கொண்டுவந்தது என்ன?"

"லீவு விண்ணப்பம், சார்" என்று இடது பையிலிருந்து எடுத்தேன்.

கொடுத்தேன். கையெழுத்திட்டார். அந்தப் பேனாவிலேயே என் நடத்தைச் சான்றிதழிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நன்னடத்தை உடையவன் என்று அதில் இருக்கிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், யாரும் வாசிக்கப் போவதில்லை. இசக்கி உண்மையைச் சொல்லிவிட்டான் என்று துரை சொன்னபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. நிம்மதி. துக்கம் அதற்குப் பிறகு, வெளியே படியிறங்கும்போது வந்தது.

என் கடிதத்தைப் பற்றி அவனுக்குத் தெரியுமா? துரை என் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். தெரியாமல் இருக்காது. ஆனால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, புதன்

துரை ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், அதில் அவருக்கு வெகு சந்தோஷம். சம்பளத்துக்கு ஓடினவன் பந்தயத்தில் சேரத்தான் கூடாதாம்; பந்தயக்காரனைப் பழக்கலாமாம். சீமையிலும் அப்படித்தானாம். ஆகவே இசக்கிமுத்து இனி அத்லெடிக் சங்கத்தின் சம்பள ஆள். டானியலைத் தயார் செய்து பட்டணம் அழைத்துப் போக வேண்டும். பரீட்சைக்குப் பிறகும் இந்த வேலை அவனுக்கு நிரந்தரம் என்றார்.

உத்தரவை நான்தான் பகர்த்தினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன். மைதானத்தைச் செப்பனிடுதல், துண்டு, தண்ணீர், பந்தயக்காரரின் உடைமைகளைச் சுமத்தல் என்று இருந்தது.

"ஒத்துக்கிட்டியாலே?" என்று கேட்டேன்.

"சம்பளம்னா வேண்டாம்னு சொல்ல முடியுமா அண்ணாச்சி? வீட்டுல இருக்குத நெலைமைக்கு."

செப்டம்பர் 17, வியாழன்

ஆற்றில் வெள்ளம். பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரவில்லை.

செப்டம்பர் 19, சனி

இசக்கி டானியலைக் காலையிலும் மாலையிலும் ஓட வைக்கிறான். இவன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு வாயால் "சல், சல், சல்" என்று தாளம் போடுகிறான். டானியல் முன்பு முதல் சுற்றிலேயே பாய்ந்து மூன்றாம் சுற்றில் செத்துப்போவான். இப்போது நான்கு சுற்றும் ஒரே மாதிரி வருகிறான். துரைக்கு வாயெல்லாம் பல். இசக்கி காலேஜ் புத்தகத்தைத் தொட்டுப் பத்து நாள் ஆகிறது.

நான் பிஸியாலஜியைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து பார்க்கிறேன்.

செப்டம்பர் 24, வியாழன், ரயிலில்

டானியல், இசக்கி, நான். துரை முன்னால் முதல் வகுப்பில். டானியலின் பெட்டியும் என் பெட்டியும் இசக்கியின் தலைமேல். என் பெட்டியை நானே தூக்குகிறேன் என்றேன். "இருக்கட்டும், உத்தரவுல இருக்குல்லா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

செப்டம்பர் 26, சனி, பட்டணம்

பந்தயம் முடிந்தது. எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பாண்டு வாத்தியம், துரைசானிமார், பட்டுக்குடைகள். மைல் ஓட்டத்துக்குப் பதினான்கு பேர். பழக்குகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். இசக்கி துண்டும் செம்புமாக நின்றான். துப்பாக்கி வெடித்ததும் அவன் கயிற்றுக்கு வெளியே டானியலோடு சேர்ந்து ஓடுவான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு. ஓடினால் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்பான், இத்தனை பேரும் பார்ப்பார்கள், எனக்கும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அவன் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான்கு சுற்றும் நின்ற இடத்திலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரல் மண்ணில் குழி பறித்திருந்தது.

டானியல் ஜெயித்தான். கடைசிச் சுற்றில், முன்னால் ஓடிய பட்டணத்துப் பையன்கள் இருவரும் தளர, இவன் மாறாமல் வந்தான். வந்தவன் நேரே இசக்கியிடம் ஓடி அவன் தோளில் விழுந்து அழுதான். "இது ஒன் ஓட்டம்லே, இது ஒன் ஓட்டம்" என்று விக்கினான். இசக்கி அவன் முதுகைத் துடைத்துவிட்டு, "மூச்ச நல்லா விடு. ஒன்னக் கூப்பிடுதாக, போ" என்றான்.

துரையின் நண்பரான அந்தப் பட்டணத்துப் புரொபசர் வந்து டானியலின் கையைக் குலுக்கினார். ஜனவரியில் பி.ஏ. வகுப்பில் அவனுக்கு இடம். இசக்கியின் பக்கம் திரும்பி, உன் வேலை நன்றாக இருந்தது என்று அவனுக்கும் ஒரு வார்த்தை சொன்னார். கை குலுக்கவில்லை.

செப்டம்பர் 27, ஞாயிறு, ரயிலில்

டானியல் தூங்கிய பிறகு சொல்லிவிட்டேன். "எல்லாம் என்னாலதாம்லே. நான் எழுதின கடுதாசிதான்."

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கே தொரை காட்டினாரு. முழுக்க வாசிச்சேன்."

"பொறவு ஏம்லே ஒண்ணும் கேக்கலே?"

"என்ன கேக்க? நீங்க பொய்யா எழுதுனீய? இல்லையே." டானியலின் தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தான். "நான் போறவரைக்கும் நீங்க தொரைகிட்டப் போகலன்னுதான் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு. போனாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன், அது வேற. ஆனா போவீயன்னு நெனச்சேன்."

வலது பைக் கடிதத்தைப் பற்றி அவனிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அது இன்னமும் என் பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் நம்புவான். அதனாலேயே காட்டவில்லை.

பிறகு அவன் ஒன்று கேட்டான். கடிதத்தைத் துரையிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறானாம். "அய்யாவப் பத்தி அதுல நல்லா எழுதியிருக்கீய. அவுகளப் பத்தி யாரும் இப்படி எழுதினதில்ல. ஒரு நாள் ஊருக்கு வந்து அவுகளுக்குத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லணும். என்னால அத அவுக முன்னால வாசிக்க முடியாது."

அக்டோபர் 4, ஞாயிறு

இசக்கியின் ஊருக்குப் போய் வந்தேன். ரயிலடியிலிருந்து ஐந்து மைல் நடை. செருப்பு கடித்துக் கால் புண்.

வழியில் இசக்கி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான். "பந்தயத்துக்கு என்னச் சேக்கலங்கிறது அய்யாவுக்குத் தெரியாது. வேலை கெடச்ச வெவரம்தான் சொல்லியிருக்கேன். நீங்களும் அதோட விட்டுருங்க."

சுடலைமுத்துக் கோனார் வாசலில் காத்திருந்தார். உயரமான மனிதர், இடது கால் சற்றுத் தாங்கலாக இருக்கிறது. பாயை உதறிப் போட்டார். கருப்பட்டியும் மோரும் வந்தன. சோற்றுக்கடை வெளிப் பந்தியை நினைத்துக்கொண்டு மோரை வாங்கிக் குடித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். இசக்கி கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பத்தொன்பது வருஷம் என்று வந்த இடத்தில் கோனார், "இருவது, இந்த ஆவணியோட" என்றார். கரடி என்று வந்த இடத்தில் கூட்டத்தில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. மகன் இரண்டு கோடை சர்க்கார் சம்பளத்தில் ஓடி ஒரு நாளும் தாமதமின்றி மேலதிகாரிகளின் திருப்தியைப் பெற்றவன் என்ற இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முடித்ததும் எழுந்து நின்றார். எனக்குத் தகப்பன் வயது. "பிள்ளைவாள், நாங்க கால் தேய ஓடுனது வெறும் ஓட்டமாவே இருந்துச்சு. அதைக் காகிதத்துல ஏத்தித் தொரை கையில குடுத்து எம் மவனுக்குச் சம்பள வேலை வாங்கிக் குடுத்தது நீங்கதான். காலேசுலே வேலை. எங்க வம்சத்துல யாருக்குக் கெடச்சுது? நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

நான் இசக்கியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை, கேலியும் இல்லை. வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அப்படிச் சொன்னால் என் பாரம்தான் இறங்கும், அந்த மனிதரின் பாரம் ஏறும்.

உள்ளேயிருந்து இசக்கியின் தாயார் ஈரக் கையோடு வந்தாள். "முடிஞ்சிட்டா? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நின்னேன், நான் ஒண்ணும் கேக்கலியே" என்றாள்.

"இன்னொருக்க வாசிங்க, அண்ணாச்சி" என்றான் இசக்கி.

முதல் வரியிலிருந்து வாசித்தேன்.